ஓமும் ஓசையும்

ஹெட்போனுக்குத் துணையாக எந்தச் சிறு ஆம்ப்ளிபையரை வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு சென்னை ரிச்சி தெருவின் குறுகிய மாடிப்படிகளில் ஏறி வருகிறவர்களுக்கு விடை சொல்லி அனுப்புவதே என்னுடைய ஜீவனோபாயம். ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் பழுது பார்த்துப் பழகிய கை இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தது காலத்தின் போக்கினாலே தவிர என்னுடைய தீர்க்கதரிசனத்தினால் அல்ல. அந்த இரண்டு யந்திரங்களும் வீடுகளை விட்டு மெல்ல வெளியேறிய பிறகு, அவற்றை நம்பியிருந்தவர்களில் சிலர் கைபேசித் திரை மாற்றப் போனார்கள், சிலர் கண்காணிப்புக் காமிரா பொருத்தப் போனார்கள், நான் சங்கீதத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்துவிட்டேன். வந்து பார்த்தால், வோல்டேஜும் கரண்டும் மின்தடையும் அன்றைக்கு எந்த விதிக்குக் கட்டுப்பட்டு நடந்தனவோ அதே விதிக்குத்தான் இன்றைக்கும் கட்டுப்பட்டு நடக்கின்றன. அன்றைக்கு அவற்றைப் பற்றிப் பேசினால் கேட்பதற்கு ஆள் கிடையாது. இன்றைக்கு வந்து நிற்கும் இளைஞர்கள் என்னைக் காட்டிலும் அதிகமான பெயர்களை ஒப்பிக்கிறார்கள்.

இந்த உபகரணத்தை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கைபேசியிலும் கணினியிலும் பாட்டு என்பது வெறும் எண் வரிசையாகவே இருக்கிறது. 1982-இல் வெளிவந்த குறுந்தகட்டின் கணக்குப்படி, விநாடிக்கு 44,100 முறை ஒலியலையின் உயரம் அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாகப் பதியப்படுகிறது. அந்த எண்களை மறுபடியும் மின்னலையாக மாற்றும் பகுதிக்கு டி.ஏ.சி. என்று பெயர். அவ்வாறு பிறந்த அலைக்கு, ஹெட்போனின் சுருளை அசைக்கத்தக்க பலத்தைக் கொடுக்கும் பகுதி ஆம்ப்ளிபையர். இரண்டையும் விரற்கடை அளவான டாங்கிளிலோ, சட்டைப் பையில் அடங்கும் ஓர் உலோகக் கூட்டிலோ சேர்த்து வைத்திருப்பார்கள். அவ்வளவுதான் பொருள், அதைச் சுற்றி எழுந்திருக்கும் அபிப்பிராயங்களுக்குத்தான் அளவில்லை.

ஹெட்போன்களின் மின்தடை ஒன்றுக்கொன்று ஏன் இவ்வளவு பேதப்படுகிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் சரித்திரத்தையே விடையாகச் சொல்லுவது வழக்கம். ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி 1968-இல் எச்.டி. 414 என்ற பெயரில், காதை இறுக மூடாத திறந்த வகை ஹெட்போனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் மின்தடை 2,000 ஓமாக இருந்தது. மேஜையின்மீது ஸ்திரமாக உட்கார்ந்து சுவர் மின்சாரத்தில் ஓடிய ஆம்ப்ளிபையர்களில் வோல்டேஜுக்குப் பஞ்சமில்லாத காலம் அது. 1979-இல் சோனியின் வாக்மேன் வந்தது. இரண்டு பென்சில் பேட்டரிகளிடமிருந்து கிடைப்பது 3 வோல்ட்தான் என்னும்போது, அந்தச் சொற்ப வோல்டேஜிலேயே போதிய கரண்டை இழுத்துக்கொள்ளும்படி சுருளின் மின்தடையும் இறங்கத்தானே வேண்டும்? அப்படி இறங்கி வந்த வமிசத்தைச் சேர்ந்தவையே இன்று எங்கும் காணப்படும் 16 ஓம், 32 ஓம் இயர்போன்கள். ஆயினும் மேஜைக்கென்று பிறந்த குடும்பம் அற்றுப்போய்விடவில்லை; 1997-இல் வந்த எச்.டி. 600-உம் 2003-இல் வந்த எச்.டி. 650-உம் 300 ஓம் மின்தடையோடு தங்கள் மதிப்பை இன்றளவும் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. இந்த நிலையில், 2016-இல் ஆப்பிள் தன்னுடைய ஐபோன் 7-இல் ஹெட்போன் ஜாக்கை எடுத்துவிட, மற்றக் கம்பெனிகளும் பெரும்பாலும் அதே வழியில் போக, மேஜைக்கென்று பிறந்த ஹெட்போனை ஜாக்கே இல்லாத கைபேசியோடு இணைக்க வேண்டிய விசித்திரமான நிர்ப்பந்தம் ஜனங்களுக்கு உண்டாயிற்று. என் போன்றவர்களின் வியாபாரம் செழித்ததும் அதனால்தான்.

வருகிறவர் முதலில் சொல்லுவது ஆம்ப்ளிபையரின் பெயரை. நான் முதலில் கேட்பது ஹெட்போனின் பெயரை. அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்கள், அதாவது மின்தடை எத்தனை ஓம், உணர்திறன் எத்தனை டெசிபல் என்பவை தெரிந்துவிட்டால் விவகாரத்தில் முக்கால் பங்கு தீர்ந்துவிடுகிறது. ஓம் அதிகமாக இருந்தால் ஓட்டுவது கடினம், குறைவாக இருந்தால் சுலபம் என்று ஒரு நம்பிக்கை தெருவெங்கும் பரவியிருக்கிறது. எச்.டி. 650-ஐ எடுத்துக்கொள்வோம்: 300 ஓம், 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் ஒலிக்கும். தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் கண நேரம் எழும்பித் தணியும் அடிகளுக்கும் இடம்விட்டு 110 டெசிபலை எல்லையாக வைத்துக்கொண்டால், அதற்கு வேண்டியது 2.2 வோல்ட், கரண்டோ ஏழெட்டு மில்லி ஆம்பியர், சக்தி 17 மில்லிவாட். இனி, தட்டையான சவ்வும் காந்தவரிசையும் கொண்ட பிளானர் வகையைச் சேர்ந்த ஹைஃபைமேன் எச்.இ. 6-ஐப் பாருங்கள்: மின்தடை 50 ஓம்தான், ஆனால் 1 மில்லிவாட்டுக்கு அது தருவது 83.5 டெசிபலே. அதே 110 டெசிபலை அதனிடமிருந்து வாங்க 4.7 வோல்ட்டும் 95 மில்லி ஆம்பியரும், ஆக ஏறக்குறைய 450 மில்லிவாட் சக்தியும் செலவாகும். ஆறில் ஒரு பங்கு ஓம் உள்ள ஹெட்போன் 25 மடங்குக்கும் அதிகமான சக்தியைக் கேட்கிறது! சிறிய டாங்கிளோடு 300 ஓம் ஹெட்போன் இனிமையாகப் பாடிக்கொண்டிருப்பதையும், 50 ஓம் ஹெட்போன் பசித்த குழந்தையாகச் சிணுங்குவதையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டவர்கள், அந்த நம்பிக்கையைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு கண்ணி வைக்கப்பட்டிருப்பதையும் சொல்ல வேண்டும். சில கம்பெனிகள் உணர்திறனை 1 மில்லிவாட்டுக்கு இவ்வளவு என்றும், சில கம்பெனிகள் 1 வோல்ட்டுக்கு இவ்வளவு என்றும் அச்சிடுகின்றன, இரண்டும் ஒன்றல்ல. 300 ஓம் ஹெட்போனில் இவ்விரண்டு எண்களுக்கும் இடையே 5 டெசிபல் வித்தியாசம். 32 ஓம் ஹெட்போனிலோ 15 டெசிபல். எதற்கு எவ்வளவு என்பதைக் கவனியாமல் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்து ஒப்பிடுகிறவர், படியில் அளந்த அரிசியையும் எடைபோட்ட அரிசியையும் ஒரே விலைக்குக் கேட்டவராகிறார். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாய், "மீட்டர் சொல்றத முதல்ல கேளு, காது சொல்றத அப்புறம் கேளு தம்பி" என்பார். அவர் சொன்னது வால்வு ரேடியோவைப் பற்றித்தான்.

சக்தி போதுமானது என்று தீர்ந்த பிறகு பார்க்க வேண்டியது, ஆம்ப்ளிபையருக்கு உள்ளேயே இருக்கும் மின்தடை. தொழிலில் இதை 'அவுட்புட் இம்பிடன்ஸ்' என்பார்கள். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. விற்கிறவர்களும் வலியச் சொல்லுவதில்லை. ஆனால் 'இந்த ஹெட்போனுக்கும் இந்த ஆம்புக்கும் பொருத்தம் நன்றாக இருக்கிறது' என்று மர்மமாகப் பேசப்படும் விஷயத்தில் பெரும்பகுதி இந்த ஓர் எண்ணுக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். காரணம் எளியது. ஹெட்போனின் மின்தடை எல்லா ஸ்வரங்களுக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 300 ஓம் என்று பெயர் வாங்கிய எச்.டி. 600, 100 ஹெர்ட்ஸுக்கு அருகில் 500 ஓம் வரையில் எழும்பி நின்று, பிறகு இறங்குகிறது. ஆம்ப்ளிபையரின் உள் மின்தடை மிகக் குறைவாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தால் பாதகமில்லை. அது அதிகமாக இருந்தாலோ, வோல்டேஜ் இருவருக்கும் பங்கிடப்படும்போது, மின்தடை எழும்பிய இடத்தில் ஹெட்போனுக்கு அதிகப் பங்கு கிடைத்து, அந்த இடத்து ஓசை மட்டும் தடித்து ஒலிக்கும்.

பழைய நாட்களில் இந்த உள் மின்தடைக்கு அந்தஸ்தே இருந்தது. 1996-இல் வெளிவந்த சர்வதேச மின்தொழில் நிர்ணயம் ஒன்று ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓம் என்றே சிபாரிசு செய்தது. அந்த நிர்ணயப்படி அமைந்த ஒரு பெரிய ரிசீவரில் எச்.டி. 600-ஐ மாட்டினால், 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் 1 டெசிபல் அளவுக்கு உயர்கின்றன. 1 டெசிபல் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். ஒரு கட்டை சுருதியில் பாடும் புருஷக் குரலின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 130 ஹெர்ட்ஸில் இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி குமுறுவதும் அதை அடுத்துத் தாழ்ந்த பிரதேசத்தில்தான். ஆகவே, பாடகருக்குக் குரல் சற்றுக் கனத்தது போலவும், மிருதங்க வித்வான் அன்றைக்கு இடக்கையில் தாராளமாக இருந்தது போலவும் ஒரு பிரமை ஏற்படுகிறது. அது சிலருக்குப் பிடித்தும் போகிறது. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. அந்தக் கனம் பாட்டில் இல்லை, ஆம்ப்ளிபையரின் மின்தடையில் இருக்கிறது என்பதை மட்டும் ஒரு தடவை சொல்லிவிடுவேன்.

காதுக்குள் செருகும் இயர்போன்களில், அதுவும் ஒரே கூட்டுக்குள் பல சிறு டிரைவர்களை அடைத்து வைத்த வகையில், இந்த விளைவு விளையாட்டாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 10 ஓமும் மற்றோரிடத்தில் 40 ஓமுமாக மின்தடை அலைபாயும் ஓர் இயர்போனை, 10 ஓம் உள் மின்தடையுள்ள ஆம்ப்ளிபையரில் மாட்டினால் அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே 4 டெசிபல் கோணல் விழுகிறது. 1 ஓம் உள்ள ஆம்ப்ளிபையரில் மாட்டினால் அரை டெசிபலை ஒட்டி நின்றுவிடுகிறது. அதே இயர்போன், அதே பாட்டு. வயலின் ஓர் ஆம்ப்ளிபையரில் கீச்சிடுகிறது, மற்றதில் குழைகிறது. 2011-இல், தம்முடைய சொந்தப் பெயரை இறுதிவரை வெளியிடாத ஒரு பொறியியலாளர், 9 வோல்ட் பேட்டரிகள் இரண்டில் ஓடும் ஓ2 என்ற சிறிய ஆம்ப்ளிபையரின் வரைபடத்தை எவரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டார். ஆம்ப்ளிபையரின் உள் மின்தடை ஹெட்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகலாகாது என்ற விதியைத் தொழிலில் நிலைநாட்டியவரும் அவரே. மறு வருஷமே அவர் மௌனமாகிவிட்டார். யாரென்று இன்றுவரை தெரியாத அந்த மனிதருக்கு, இந்தத் தொழிலில் இருக்கிறவர்களில் பலர் கடன்பட்டிருக்கிறோம்.

நாகஸ்வரக்காரர்கள் வாத்தியத்தோடு பல சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சீவாளி ஒத்துவராவிட்டால் எவ்வளவு உயர்ந்த ஆச்சாமரத்து வாத்தியமும் வாய் திறவாது. சீவாளி ஒத்துவந்த மாத்திரத்தில் வேறொரு கட்டை நல்ல நாகஸ்வரமாகிவிடுவதும் இல்லை. ஆம்ப்ளிபையரின் இடம் எனக்கு அந்த அளவில்தான் தோன்றுகிறது. கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை ஹெட்போனில் போடுங்கள், மிச்சத்தை அதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் ஆம்ப்ளிபையரில் போடுங்கள் என்று நான் சொல்லுவதை லாபத்தில் அக்கறையில்லாதவனின் பேச்சு என்று பக்கத்துக் கடைக்காரர் கேலி செய்வார்.

எதிர்ப்பக்கத்துத் தொல்லையும் உண்டு. சக்தி மிகுந்த ஆம்ப்ளிபையரில் உணர்திறன் மிகுந்த இயர்போனை மாட்டினால், பாட்டு இல்லாத வேளையிலும் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். வால்யூமைச் சற்றே தொட்டாலும் காது அதிரும். ஆலாபனைக்கு நடுவே பாடகர் நிறுத்தி மூச்சுவிடும் இடத்தில் தம்புராவின் நாதம் மட்டும் நிற்க வேண்டுமே, அந்த இடத்தில்தான் இந்த இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரிச்சி தெருவில் பகல் நேரத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. தள்ளுவண்டிக்காரரின் கூவலும் இரு சக்கர வாகனங்களின் ஹாரனும் எந்த ஆம்ப்ளிபையருக்கும் நிசப்தமானது என்று நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிடும். ஆகையால் அத்தகைய இயர்போன் வைத்திருக்கிறவர்களிடம் பொருளைக் கொடுத்து, வீட்டில் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள், இரைச்சல் இருந்தால் திருப்பிக் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். திரும்பி வருவதும் உண்டு.

இனி, என் தொழிலில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கும் ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். இரண்டு ஆம்ப்ளிபையர்களை ஒப்பிட வேண்டும் என்று ஒருவர் கேட்டால், இரண்டின் ஒலியளவையும் சமமாக்காமல் அவர் காதில் ஹெட்போனை மாட்ட விடமாட்டேன். மனித சுபாவம் அப்படிப்பட்டது: சற்றே உரக்கக் கேட்கும் ஓசையை, உரக்கக் கேட்கிறது என்று நாம் உணர்வதில்லை; தெளிவாக இருக்கிறது, விஸ்தாரமாக இருக்கிறது, உயிரோடு இருக்கிறது என்றெல்லாம் உணருகிறோம். அரை டெசிபல் வித்தியாசமே இதற்குப் போதும். இதை நன்றாக அறிந்த விற்பனைக்காரர் ஒருவர், விலை கூடுதலான பெட்டியின் வால்யூமை ஒரு கோடு அதிகமாக வைத்துக் காட்டியே காலத்தை ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன். சமப்படுத்துவதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரே அளவில் ஒலிக்கும் சோதனை ஸ்வரம் ஒன்றைப் பாடவிட்டு, ஹெட்போனை மாட்டியபடியே அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து மாறுமின் வோல்டேஜைப் பார்த்து, இரண்டு ஆம்ப்ளிபையர்களும் ஒரே எண்ணைக் காட்டும்படி வால்யூமைத் திருத்தினால் போதும். எண்கள் இரண்டும் நூற்றுக்கு இரண்டு பங்குக்குள் ஒத்துப்போனால், டெசிபல் கணக்கில் வித்தியாசம் 0.2-க்குள் அடங்கிவிடும். சாதாரண மல்டிமீட்டர் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அளப்பதற்கென்று செய்யப்பட்டதாகையால், 1,000 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் அதன் வாக்கை நம்பாமல் 400 ஹெர்ட்ஸோடு நின்றுகொள்வது என் வழக்கம்.

சமப்படுத்திய பிறகு இரண்டு பெட்டிகளின்மீதும் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவேன். எது எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்கிறவரின் முகத்தில் அப்போது தோன்றும் பாவம் பார்க்கத்தக்கது. அதுவரையில் ஒன்றை 'வெல்வெட்' என்றும் மற்றொன்றைக் 'கண்ணாடி' என்றும் வர்ணித்துக்கொண்டிருந்தவர், "சார், இப்ப எதுல இருக்கேன்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். வடபழனிப் பக்கத்தில் ஒலிக்கலவைக் கூடத்தில் உதவியாளராக வேலை செய்யும் ஒரு தம்பி, தொழிலுக்காக நாள் முழுவதும் கேட்டுக் கேட்டுத் தீட்டிய காதுடையவர். அவரும் உள் மின்தடை குறைந்த, சக்தி போதுமான இரண்டு பெட்டிகளைப் பிரித்துச் சொல்ல முடியாமல் திண்டாடி, கடைசியில் சிரித்துவிட்டார். ஆனால் பெட்டிகளை அப்படியே விட்டு ஹெட்போனை மாற்றினாலோ, சங்கீதமே தெரியாதவரும் ஒரு விநாடியில் கண்டுகொள்கிறார். எது முக்கியம், எது சில்லறை என்பதற்கு இதைவிடச் சிறந்த பிரத்தியட்சப் பிரமாணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பரீட்சைக்கென்று நான் மேஜையில் வைத்திருக்கும் உபகரணம் கோர்ட் மோஜோ. 2015-இல் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியிலிருந்து வந்தது. கடையில் விற்கும் டி.ஏ.சி. சில்லு எதையும் பயன்படுத்தாமல், எழுதியபடி மாறிக்கொள்ளும் எஃப்.பி.ஜி.ஏ. சில்லில் தாம் வகுத்த கணக்கை ஏற்றி ராப் வாட்ஸ் என்பவர் அமைத்தது. அதன் உள் மின்தடை 0.075 ஓம், ஆகையால் எந்த இயர்போனைக் கொடுத்தாலும் அதன் இயல்பைத் திரிக்காமல் காட்டும். வால்யூமுக்கு இரண்டும், உயிர்ப்பிப்பதற்கு ஒன்றுமாக மூன்று கோலிகள் அதில் உருண்டுகொண்டிருக்கும். வந்து சேரும் எண்கள் விநாடிக்கு எத்தனை என்பதற்கேற்ப அந்த மூன்றாவது கோலி நிறம் மாறும். 44,100 என்றால் சிவப்பு. 48,000 என்றால் ஆரஞ்சு. இதனால் எனக்கு ஓர் எதிர்பாராத உபகாரம் கிடைத்தது. குறுந்தகட்டுப் பதிவைக் கைபேசியிலிருந்து அனுப்பினால் சிவப்பு எரிய வேண்டியிருக்க, பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஆரஞ்சு எரியும். அதாவது, மணியோசையையும் அழைப்பொலியையும் பாட்டோடு கலப்பதற்குச் சௌகரியமாகக் கைபேசி எல்லாவற்றையும் 48,000-க்கு மாற்றிவிடுகிறது. டி.ஏ.சி.யோடு நேரே பேசும் செயலிகள் சில இருக்கின்றன; அவற்றைப் போட்டுக் கொடுத்தால் கோலி சிவந்துவிடும். இந்த மாற்றத்தை என் காது கண்டுபிடித்ததா என்று கேட்டால், நல்ல கைபேசிகளில் இல்லை என்றே சொல்லுவேன். ஆயினும் சிவப்பைக் கண்ட வாடிக்கையாளருக்கு உண்டாகும் திருப்தியைக் கெடுப்பானேன்!

சில சந்தர்ப்பங்களில் குற்றம் யந்திரத்தில் இருப்பதே இல்லை. அடிநாதம் போதவில்லை, ஆம்ப்ளிபையரை மாற்ற வேண்டும் என்று வருகிறவர் மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தால், நான் முதலில் அவருடைய காதோரத்தைத்தான் பார்ப்பேன். மூடிய வகை ஹெட்போனில் மெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே கண்ணாடியின் கம்பி புகுந்து ஒரு சிறு சந்தை உண்டாக்கினாலும், தாழ்ந்த ஓசைகள் அந்தச் சந்தின் வழியே கசிந்து போய்விடும். எத்தனை வாட் கொடுத்தாலும் அவை திரும்பி வருவதில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் கேட்கச் சொன்னால் வழக்கு முடிந்துவிடுகிறது. சென்னைப் பட்டணத்து வேர்வை இதற்கு மேல் ஒரு சத்துரு. செயற்கைத் தோல் மெத்தை வேர்வையில் ஊறி ஊறி, ஓரிரு வேனிற்காலத்துக்குள் பாளம் பாளமாக உரிந்து, உள்ளிருக்கும் பஞ்சும் அமுங்கிப்போக, டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரமே மாறிவிடுகிறது. ஹெட்போன் பழசாகிவிட்டது, ஆம்ப்ளிபையர் சோர்ந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நான் விற்றது ஒரு ஜோடி புது மெத்தைதான்.

கைபேசியையும் ஆம்ப்ளிபையரையும் ரப்பர் பேண்டால் ஒன்றாகக் கட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் முன்பு இருந்தது. 2ஜி அலைவரிசையில் அழைப்பு வரும்போதெல்லாம் விநாடிக்கு 217 துடிப்பாக 'டிர்ர்' என்ற முரட்டுச் சத்தம் பாட்டுக்குள் புகுந்துவிடும், கைபேசியை விமான நிலைக்கு மாற்றினால் அடங்கும். புதிய அலைவரிசைகளில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. பேட்டரி உள்ள பெட்டியைச் சார்ஜில் போட்டபடியே பையில் வைத்துக்கொண்டு கேட்பதை மட்டும் இன்றும் கண்டிக்கிறேன். இந்த ஊர் வெயிலில் லித்தியம் பேட்டரி உப்பிக்கொண்டு கூட்டையே பிளந்துவிட்டதைப் பார்த்தவன் நான். பேட்டரியே இல்லாத டாங்கிளை நான் அதிகமாகச் சிபாரிசு செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அண்மைக் காலத்தில் எல்லோரும் கேட்பது 4.4 மில்லிமீட்டர் பின் வைத்த 'பேலன்ஸ்டு' இணைப்பு. சாதாரண 3.5 பின்னில் இடது, வலது இரண்டுக்கும் திரும்பி வரும் கம்பி ஒன்றே. பேலன்ஸ்டில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு கம்பிகள், அவற்றின் இரு முனையிலும் ஒவ்வோர் ஆம்ப்ளிபையர் எதிரெதிராக இயங்கும். இதனால் அதே பேட்டரியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு வோல்டேஜ் கிடைக்கும் என்பது உண்மை. பிளானர் வகைக்கு அது பிரயோஜனப்படுவதும் உண்மை. ஏற்கெனவே போதுமான வோல்டேஜில் பாடிக்கொண்டிருக்கும் ஓர் இயர்போனுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கம்பி மாற்றிப் பற்றவைத்துக் கொடுக்கும் வேலையை நான் ஆசையோடு செய்கிறேன், சால்டரிங் புகையின் வாசனை எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஆனால் பேலன்ஸ்டு ஜாக்கிலிருந்து பழைய 3.5 பின்னுக்கு ஓர் இணைப்பு செய்து தரும்படி கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுவேன். அதில் இரண்டு காதின் எதிர்முனைகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இரண்டு ஆம்ப்ளிபையர்கள் ஒன்றையொன்று எதிர்த்து முட்டிக்கொள்ள வேண்டியதுதான். வேறெங்கோ அப்படிச் செய்வித்துக்கொண்டு போனவர் ஒருவர், புகைந்து ஓய்ந்த பெட்டியைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொண்டு வந்தார்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னுடைய நெடுநாள் வாடிக்கையாளர். சபாக்களில் தாமே பதிவு செய்த கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டு கேட்கிறவர். தம்புராவின் மீட்டில் முன்பு கேட்ட சிலிர்ப்பு இப்போது கேட்கவில்லை, உயர்ந்த ஆம்ப்ளிபையர் ஒன்று வேண்டும் என்று வந்தார். அவருடைய கேசட்டுகளில் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சங்கீதம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, நாடாவின் இரைச்சல்தான். 24 பிட் எண்ணும் விநாடிக்கு 192 ஆயிரம் அளவும் அவற்றுக்கு அலங்காரம். அவர் காதுக்கும் வயதாகிவிட்டது. இதை மரியாதைக்குறைவின்றி எப்படிச் சொல்லுவது? ஈக்வலைசரைத் திறந்து, 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியை 4 டெசிபல் உயர்த்தி, உச்சங்கள் நசுங்காமலிருக்க மொத்த அளவை அதே 4 டெசிபல் தாழ்த்தி வைத்தேன். போதாக்குறைக்கு, பதிவு செய்த யந்திரத்தின் வேகக் கோளாறால் ஒரு கட்டைக் கச்சேரி ஒன்றரைக் கட்டைக்கு ஏறி ஓடிக்கொண்டிருந்ததையும் கண்டு, வேகத்தைக் குறைத்துச் சரிசெய்தேன். அவர் ஒரு பாட்டு முழுவதும் கேட்டுவிட்டு, "அடேடே, ஆம்ப்ளிபையர் மாத்தினாப்பலேயே இருக்கே!" என்றார். மாற்றவில்லை.

இத்தகைய வாடிக்கையாளர்களால் வாடகை கொடுக்க முடியாது என்பது தெரிந்ததே. வாடகை கொடுக்கிறவர்கள் வேறு வகை. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் எச்.டி. 650-ஐயும், அதை ஓட்ட ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய, 1 வோல்ட் தரும் ஒரு டாங்கிளையும் கொண்டு வந்து, சக்தி போதவில்லை என்று படித்ததாகச் சொல்லி, 4 வோல்ட் தரும் பெட்டியைக் காட்டச் சொன்னார். தம்புரா சுருதியை ஓடவிட்டு, வீட்டில் கேட்கிற அளவுக்கு வால்யூமை வைக்கும்படி சொல்லி மீட்டரை மாட்டினேன். 0.07 வோல்ட் காட்டியது. அந்த ஹெட்போனில் அது 80 டெசிபல், அதாவது வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாமென்று உலக சுகாதார ஸ்தாபனம் வைத்திருக்கும் எல்லையே. உச்சங்களுக்கென்று 20 டெசிபல் கூட்டினாலும் 0.7 வோல்ட்தான் ஆகிறது, உங்கள் டாங்கிளே அதற்கு மேல் தருகிறது, தம்பி, என்று கணக்கை எழுதிக் காட்டினேன். அவர் அந்தச் சீட்டைக் கவனமாகப் படித்தார், கணக்கு சரியென்று ஒப்புக்கொண்டார், கண்ணாடி அலமாரிக்குள் இருந்த அலுமினியப் பெட்டியை மறுபடியும் ஒரு முறை கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இருந்தாலும் இது நல்லா இருக்குண்ணா" என்றார். பில் போட்டுக் கொடுத்தேன்.